ஒரே பேர்ல ரெண்டு கட்டம்

இந்தப் பக்கமா உக்காருங்க. அங்க உக்காந்தீங்கன்னா எங்க ஆபீஸ் ஜன்னலுக்கு நேரா இருப்பீங்க. மூணாவது மாடியில நீலக் கண்ணாடி தெரியுதில்லீங்க, அதுதான். டீ குடிக்கப் போனவன் பேக்கரியில யாருகூட உக்காந்திருக்கான்னு பாக்கறதுக்குன்னே அங்க ஆளு இருக்குது. யாருன்னு பேர் சொல்ல மாட்டேன். நான் யாரைப் பத்தியும் தப்பாப் பேசற ஆள் இல்லீங்க.

ஆமாங்க, மாசிலாமணி நான்தான். என் பேரை உங்களுக்கு யாரு சொன்னது? வாட்ச்மேனா? இத்தனை பேர் இருக்க அவன் எதுக்கு என்னையக் கை காட்டினான்? சரி விடுங்க, அதை நான் பொறவு விசாரிச்சுக்கறேன். காங்கயத்துல எண்ணெய் மில் வெச்சிருக்கறேன்னீங்க, மாப்பிள்ளைக்குத் தாய்மாமன்னீங்க. நம்பறேன். ஜாதகம் பொருந்திருச்சு, பொண்ணைப் பாத்தாச்சு, முன்னாடி வேலை பாத்த இடத்துல ஒரு வார்த்தை விசாரிச்சிட்டா முடிச்சிரலாம்னு வந்திருக்கீங்க. நீங்க சரின்னாத்தான் உங்க அக்கா சரின்னு சொல்லுவாங்கன்னு வேற சொல்றீங்க. அப்ப நான் சொல்ற சொல்லுலதான் அந்தப் புள்ளையோட கல்யாணமே நிக்குது. நெனச்சாலே வெசனமா இருக்குதுங்க. ஆனாலும் கேட்டுட்டீங்க. மறைச்சா பாவம்.

கோகிலவாணி. நாங்க வாணின்னு கூப்பிடுவோம். நடத்தையில ஒரு குறை சொல்ல முடியாதுங்க. நேரத்துக்கு வரும், நேரத்துக்குப் போகும். அதிர்ந்து பேசாது. மத்தியானம் டிபன் பாக்ஸைத் திறந்தா பக்கத்துல இருக்கறவங்களுக்குக் குடுத்துட்டுத்தான் தான் சாப்பிடும். எனக்கும் குடுக்கும். எனக்கு முதல்ல இடிச்சது அதுதானுங்க. எனக்கு எதுக்குக் குடுக்கோணும்? நான் என்ன ஒறம்பரையா, சொந்தக்காரனா? எங்கிட்ட ஏதோ ஆக வேண்டியது இருக்குதுன்னு அன்னைக்கே மனசுல ஒரு முடிச்சுப் போட்டு வெச்சேன். சாப்பிட்டேன், இல்லைங்கலை. அரிசிம்பருப்பு சாதம் நல்லாத்தான் இருந்துச்சு.

எங்க வேலை என்னன்னு சொன்னாத்தான் உங்களுக்கு இந்த நாயம் புரியும். வெளிநாட்டுல கட்டப் போற கட்டடத்தை நாங்க முன்கூட்டியே இங்க கம்ப்யூட்டருக்குள்ள முழுசாக் கட்டிக் குடுக்கறோம். சுவரு, கதவு, குழாய், எல்லாமே. பிம்னு சொல்லுவாங்க. அந்தக் காலத்து டிராயிங்காட்டம் வெறும் கோடு இல்லீங்க. ஒரு கதவைத் தொட்டா அந்தக் கதவோட ஜாதகமே பக்கத்துல வந்து நிக்கும். அகலம் எவ்வளவு, உயரம் எவ்வளவு, எதுல செஞ்சதுன்னு ஒவ்வொண்ணுக்கும் ஒரு கட்டம். சாஃப்ட்வேர்காரன் குடுத்த கட்டம் பத்தலைன்னா, நமக்கு வேணுங்கற கட்டத்தை நாமளே சேத்துக்கலாம். கஸ்டம் பாராமீட்டர்னு அதுக்குப் பேரு. உங்களுக்கு எதுக்கு அந்தப் பேரெல்லாம், நான் கட்டம்னே சொல்றேன்.

இதுல ஒரு முறை இருக்குது. ஆளாளுக்குக் கட்டம் சேத்தா குழப்பம் வந்துரும்னு ஆபீஸ்ல பொதுக் கோப்புன்னு ஒண்ணு வெச்சிருக்கோம். யாருக்குக் கட்டம் வேணும்னாலும் அதுல இருந்து எடுத்துத்தான் போடோணும். அந்தக் கோப்பு எங்கிட்டத்தாங்க இருந்துச்சு. ஆரம்பிச்சு வெச்சதே நான். இந்தப் புள்ள வந்து வருஷம் திரும்பலை, எங்க முதலாளி பிரேம்நாத் சார் கூப்பிட்டு, உங்களுக்கு வேலை அதிகமா இருக்குது, அதை வாணி பாத்துக்கட்டும்னுட்டார். வேலை அதிகம்னு நான் எப்பவாச்சும் அவர்கிட்டச் சொன்னனா? சொல்லலை. அப்ப யாரு சொல்லியிருப்பாங்க? நீங்களே ரோசனை பண்ணுங்க.

நான் சந்தோஷமாத்தான் குடுத்தேன். அதுக்கப்புறம் கொஞ்ச நாள் அந்தப் புள்ளகிட்டப் பேசலை, அது வேற விஷயம்.

டீ ஆறுது, குடிங்க.

போன மழைக்காலத்துல எங்களுக்கு ஒரு வெளிநாட்டுக் கம்பெனியோட ஆஸ்பத்திரி வேலை வந்துச்சு. பெரிய வேலை. அது நல்லபடியா முடிஞ்சா அந்தக் கம்பெனி வேலை வருஷக்கணக்கா வரும், இல்லைன்னா பாதிப் பேரை வீட்டுக்கு அனுப்போணும்னு சாரே வாய்விட்டுச் சொன்னார். ஆஸ்பத்திரின்னா கதவுதாங்க முக்கியம். தீப்பிடிச்சா எந்தக் கதவு எத்தனை நிமிஷம் தாங்கும்னு ஒவ்வொரு கதவுக்கும் எழுதோணும். சாஃப்ட்வேர்ல இருக்கற கட்டம் அந்தக் கம்பெனிக்குப் பிடிக்கலை. அதனால ஃபயர் மினிட்ஸ்னு புதுசா ஒரு கட்டம் வாணி உருவாக்கி, பொதுக் கோப்புல போட்டு வெச்சுது. காலையில எல்லாரையும் நிக்க வெச்சுச் சொல்லுச்சு. இந்தக் கட்டத்தைக் கோப்புல இருந்தே எடுங்க, அதே பேர்ல யாரும் சொந்தமா உருவாக்கிராதீங்க, பேரு ஒண்ணா இருந்தாலும் கம்ப்யூட்டருக்கு அது வேற கட்டம், கதவுப் பட்டியல்ல வராதுன்னு.

சொல்றப்ப என்னையப் பாத்துச்சுங்க. அத்தனை பேர் நிக்கற ரூம்ல என்னைய எதுக்குப் பாக்கோணும்? நேர் எதிர்ல நின்னேன்தான். அதுக்காக?

அப்படியே பத்திக்கிட்டு வந்துச்சு எனக்கு. கட்டம் சேக்கறதுன்னா என்னன்னு அந்த ஆபீஸுக்குக் காட்டினதே நான். ஒரு கட்டத்துக்காக இந்தப் புள்ளையோட கோப்பைப் போய்த் தொறக்கோணுமா? தொறந்தா, யாரு எப்பத் தொறந்தாங்கன்னு அது பாத்து வெச்சுக்கும். நம்ம பேர் எதுக்கு அங்க பதியோணும்னு, என் மாடிக்கு வேண்டிய கட்டத்தை நானே உருவாக்கிக்கிட்டேன். அதே பேருதாங்க, துளி மாத்தலை. யாரும் ஒரு குத்தம் சொல்ல முடியாது பாருங்க.

கட்டடம் ஒண்ணுதான், ஆளுக்கொரு மாடி. கீழ்மாடி என்னோடது. ஆபரேஷன் தியேட்டர் இருக்கற மாடி. ஒவ்வொரு கதவாத் தொட்டு நிமிஷத்தைப் போட்டேன். கண்ணுல தண்ணி வர வர உக்காந்து போட்டேங்க. முடிச்சிட்டுக் கதவுப் பட்டியலை எடுத்துப் பாக்கறேன், மத்த மாடிக் கதவெல்லாம் நிமிஷத்தோட நிக்குது. என் கதவுங்க மட்டும் வெறுமையா இருக்குது.

எடுத்தவுடனே யாரையும் சந்தேகப்படற ஆள் நான் இல்லைங்க. பொறுமையா ஆராய்ஞ்சேன். ஒரு கதவைத் தொட்டேன். அதுல நான் போட்ட நிமிஷம் அப்படியே இருக்குது. பட்டியலைப் பாத்தா இல்லை. மறுபடி கதவைத் தொட்டா இருக்குது. இதுக்கு என்னங்க அர்த்தம்? பட்டியல்ல இருந்து மட்டும் அழிச்சிட்டு, கதவுல விட்டு வெச்சிருக்காங்க. ஏன்னா, நான் போய்ச் சார்கிட்டப் புகார் சொன்னா, கதவைத் தொட்டுக் காட்டி, இருக்குதே மாசிலாமணி, உங்களுக்குக் கண்ணு தெரியலையான்னு என்னைய முட்டாளாக்கலாம் இல்லீங்களா? எப்பேர்ப்பட்ட மூளை பாருங்க. சாதாரண ஆளுக்கு இது தோணாது.

எனக்குத் தோணுச்சு.

அன்னையில இருந்து காவல்தான். பாஸ்வேர்டை மாத்தினேன். டீக்கு இறங்கறப்பக் கம்ப்யூட்டரைப் பூட்டிட்டு இறங்கினேன். என் சீட்டைக் கொஞ்சம் திருப்பிப் போட்டேன், அந்தப் புள்ளையோட திரை எதிர்க் கண்ணாடியில விழுகறாப்பல. பாத்தா அது எந்நேரமும் வேலைதான் செய்யுது. இவ்வளவு சுத்தமா நடிக்க முடியுமான்னு எனக்கே ஆச்சரியமா இருந்துச்சு. ஒரு நாள் அதுவாவே எங்கிட்ட வந்து, அண்ணா, உங்க மாடி பட்டியல்ல வரலைங்கண்ணா, நான் பாக்கட்டுமான்னு கேட்டுச்சு. நான் பாத்துக்கறேன், நீ உன் வேலையைப் பாரும்மான்னுட்டேன். நாம சொல்லாமயே அது வரலைன்னு இதுக்கு எப்படித் தெரியும்? பட்டியலை எல்லாரும்தான் பாக்கறாங்க, சரி. இருந்தாலும் வந்து கேக்கறதுக்கு ஒரு காரணம் இருக்கோணும் இல்லீங்களா.

கடைசியாத்தான் கண்டுபிடிச்சேன். அந்தக் கம்பெனிக்காரனுக்கு எல்லாம் காட்ட வேண்டிய நாள் அன்னைக்கு. காலையில நேரத்துல வந்து உக்காந்து, தியேட்டர் கதவைத் தொட்டு, ஓரத்துல இருக்கற கட்டங்களை ஒண்ணொண்ணா மேல இருந்து கீழ வரைக்கும் உருட்டிப் பாக்கறேன். ஃபயர் மினிட்ஸ்னு ஒரு கட்டம், அதுல நான் போட்ட நிமிஷம். இன்னும் கீழ போனா ஃபயர் மினிட்ஸ்னு இன்னொரு கட்டம். அது காலி. ஒரே பேர்ல ரெண்டு கட்டம்ங்க.

என்ன கேட்டீங்க? ரெண்டாவது கட்டத்தை யாரு போட்டதுன்னா? அதையேதானுங்க நானும் கேக்கறேன். என் கட்டத்தை நான் போட்டேன். அப்ப இன்னொண்ணு?

என்னையச் சிக்க வெக்கறதுக்குன்னே என் கட்டத்தாட்டமே ஒண்ணு செஞ்சு உள்ள சொருகி வெச்சிருக்காங்க. கையும் களவுமாப் பிடிச்சிட்டேன். பிடிச்சவன் சும்மா விடுவனா? அந்தக் காலிக் கட்டத்தை அழிச்சிட்டேன். அழிக்கறப்ப ஏதோ எச்சரிக்கை வந்துச்சு. எச்சரிக்கை எப்பவும் வருமுங்க. ஒவ்வொண்ணையும் படிச்சுக்கிட்டு உக்காந்தா வேலை ஆகுமா? ஓகே குடுத்து, எல்லாருக்கும் போய்ச் சேர்றாப்பல சேமிச்சும் விட்டேன்.

அடுத்த நிமிஷம் ஆபீஸே எந்திரிச்சு நிக்குதுங்க. எல்லா மாடியிலயும் நிமிஷம் போச்சு. அத்தனை பேர் அத்தனை நாளாப் போட்டது, ஒண்ணு பாக்கியில்லாம. மத்தியானம் வெளிநாட்டுக்காரன் திரையில வந்து உக்காந்துருவான். சார் ரூமை விட்டு வெளிய வந்து, யாரு கை வெச்சதுன்னு போட்ட சத்தத்துல எனக்குக் காது அடைச்சுப் போச்சு. நான் வாயே திறக்கலை. ஏன் திறக்கோணும்? நான் அழிச்சது ஒரு காலிக் கட்டம். காலிக் கட்டத்தை அழிச்சா எங்கிருந்துங்க நிமிஷம் போகும்? என் மாடிக் கதவுல நிமிஷம் அப்படியேதான் இருந்துச்சு. அதை வெச்சே தெரியலையா, பண்ணினது நான் இல்லைன்னு.

வாணி என் சீட்டுக்குப் பக்கத்துல வந்து நின்னு என் திரையை ஒரு பார்வை பாத்துச்சு. பொறவு என்னையப் பாத்துச்சு. போய் உக்காந்து, முந்தின நாள் எடுத்து வெச்ச நகல்ல இருந்து மத்த மாடிக் கணக்கையெல்லாம் திரும்பக் கொண்டு வந்துச்சு. என் மாடிக்கு மட்டும், நான் போட்டதைப் பாத்துப் பாத்து அது கையாலயே போட்டுச்சு. சோத்துக்கு எந்திரிக்கலை. மத்தியானம் வெளிநாட்டுக்காரன் வந்தப்ப எல்லாக் கதவும் நிமிஷத்தோட நின்னுச்சு. வேலை தப்பிச்சுது.

அதுக்கப்புறம் நடந்ததுதான் முக்கியம். சார் எல்லாரையும் கூப்பிட்டு, இப்பச் சொல்லுங்க யாருன்னு கேட்டார். என் நெஞ்சு தடதடன்னு அடிச்சிக்கிட்டது எனக்கே கேட்டுச்சு. எதுக்கு அடிச்சுதுன்னு தெரியலை. எனக்குப் பொண்ணு காலேஜ்ல படிக்குது, வீட்டுக் கடன் இருக்குது, எங்க பழி நம்ம மேல வந்துருமோங்கற பயம் யாருக்கும் வரும். அப்ப வாணி முன்னால வந்துச்சுங்க.

"கோப்பு என் பொறுப்புல இருந்துச்சுங்க சார். நான் பாத்திருக்கோணும். தப்பு என்னோடதுதான்."

இதே வார்த்தைங்க. என் ரெண்டு காதாலயும் கேட்டேன். ஒப்புக்கிட்டாச்சு. இதுக்கு மேல சாட்சி என்னங்க வேணும்? அன்னைக்கு அதைக் கேட்டதும் அப்பாடான்னு எனக்கு வந்த நிம்மதி இருக்குதே, நான் இவ்வளவு நாளாப் பட்ட சந்தேகம் வீண் இல்லைங்கற நிம்மதி அது. வீட்டுக்குப் போய் என் சம்சாரத்துகிட்டச் சொன்னேன். அவ கேட்டுட்டு உள்ள போயிட்டா. அவளுக்கு இந்த வேலையைப் பத்தி என்ன தெரியும்.

வாணிக்கு அந்த வருஷம் வர வேண்டிய பதவி உயர்வு நின்னு போச்சு. கோப்பு திரும்ப எங்கிட்டயே வந்துச்சு. அந்தப் புள்ள கொஞ்ச மாசம் இருந்துட்டு, சரவணம்பட்டியில வேற கம்பெனிக்குப் போயிருச்சு. கோவிச்சுக்கிட்டுப் போச்சுன்னெல்லாம் நான் சொல்ல மாட்டேன். இருந்த வரைக்கும் முகம் சுளிக்கலை. டிபன் பாக்ஸை நீட்டறதையும் நிறுத்தலை. குத்தம் பண்ணினவங்களுக்கு அப்படி ஒரு நெஞ்சழுத்தம் எங்கிருந்துதான் வருதோ.

கடைசி நாள் எங்கிட்ட வந்து நின்னுச்சு. "அண்ணா, புதுசாக் கட்டம் வேணும்னா கோப்புல இருந்தே எடுங்க. ஏதாச்சும் சந்தேகம்னா என்னையக் கூப்பிடுங்க, எப்பக் கூப்பிட்டாலும் எடுப்பேன்"னு சொல்லுச்சு. பாருங்க, போற நேரத்துலயும் உள்ள நடக்கறதைத் தெரிஞ்சுக்க ஒரு வழி பண்ணி வெச்சுட்டுப் போகுது.

கூப்பிட்டேனான்னு கேக்கறீங்களா? கூப்பிட்டேங்க. சும்மா வேவு பாக்கத்தான். எப்பக் கூப்பிட்டாலும் எடுக்குது. பொறுமையா, இதை அழுத்துங்க, அதை அழுத்துங்கன்னு சொல்லிக் குடுக்குது. அது சொன்னபடி செஞ்சா சரியாயிருது. அதுதான் எனக்கு உதைக்குது. அது சொன்னாச் சரியாகுதுன்னா, கெடுக்கறதும் அதுவாத்தானே இருக்கோணும்?

ஏன்னா இப்பவும் நடக்குதுங்க. அந்தப் புள்ள போயி இத்தனை நாளாச்சு. போன வாரம் ஒரு ஸ்கூல் வேலைக்கு ஜன்னலுக்கெல்லாம் நானே ஒரு கட்டம் உருவாக்கிப் போடறேன், பட்டியலை எடுத்தா வெறுமையா நிக்குது. அந்தப் புள்ளையோட சீட்டுல இப்ப யாருமே இல்லை. அப்படியிருந்தும் நடக்குதுன்னா, எங்கயோ இருந்துக்கிட்டு எந்த வழியா உள்ள கை விடுதுன்னுதான் எனக்குப் புரியலை. இதையெல்லாம் நீங்க தெரிஞ்சுக்கோணும். நாளைக்கு உங்க அக்கா வீட்டுல ஒண்ணு நடந்துட்டு, மாசிலாமணிக்குத் தெரிஞ்சும் சொல்லலையேன்னு ஆயிரக் கூடாது. நல்ல குடும்பத்துல போய் அந்தப் புள்ள எதுக்கு... சரி, எனக்குத் தெரிஞ்சதைச் சொல்லிட்டேன். இதுக்கு மேல உங்க இஷ்டம்.

போன் பேசோணுமா? பேசுங்க, பேசுங்க. நான் இந்தப் பக்கம் திரும்பிக்கறேன். எனக்கு அடுத்தவங்க பேசறதைக் கேக்கற பழக்கமெல்லாம் கிடையாது.

ஏனுங்க. இப்பப் போன்ல என்னங்க சொன்னீங்க? 'மச்சான், விசாரிச்சுட்டேன், தங்கமான பொண்ணு, நாள் பாத்துரலாம்'னா சொன்னீங்க? நான் இவ்வளவு நேரம் தொண்டைத் தண்ணி வத்தச் சொன்னதுல எதைக் கேட்டுங்க இந்த முடிவுக்கு வந்தீங்க? நான் சொன்னது புரியலைன்னா மறுபடி சொல்றேன், உக்காருங்க. ஒரே பேர்ல ரெண்டு கட்டம்...

என்னங்க? "எங்க அக்காவும் உங்களாட்டந்தானுங்க. வர்ற மருமக ஒருத்தியாச்சும் தாக்குப் பிடிக்கோணுமேன்னுதான் இவ்வளவு தூரம் வந்தேன். உங்க பக்கத்து சீட்டுல இத்தனை நாள் இருந்த புள்ள எங்க அக்காகூடவும் இருந்துக்கும்"ங்கறீங்களா?

உங்க அக்கா என்னாட்டமா? அப்ப வெவரமானவங்களாத்தான் இருப்பாங்க. அவங்க இருக்கற வீட்டுல எதுவும் மறைக்க முடியாது. அந்த அளவுக்குச் சந்தோஷம்.

டீக்காசு நீங்க குடுக்காதீங்க, நான் குடுக்கறேன். நாளைக்கு மாசிலாமணிக்கு டீ வாங்கிக் குடுத்துச் சொல்ல வெச்சதுன்னு ஒரு பேச்சு வரக் கூடாது. ஒண்ணு மட்டும் கேக்கறேன், உள்ளதைச் சொல்லுங்க. உங்களை இங்க அனுப்பினதே அந்தப் புள்ளதானே? மாசிலாமணி அண்ணாவைப் பாருங்கன்னு அதுதானே சொல்லுச்சு?

இல்லைங்கறீங்க. சரி.

கல்யாணம் எங்க வெப்பீங்க, காங்கயத்துலயா? எனக்கு எதுக்கா, சும்மா கேட்டேன். பத்திரிகை வெக்க அந்தப் புள்ள ஆபீஸுக்கு வருமில்லீங்க? வந்தா மூணாவது மாடியில அத்தனை பேருக்கும் பேர் எழுதிக் குடுக்கும், சாருக்கு, வாட்ச்மேனுக்குக்கூட. என் சீட்டைத் தாண்டிப் போறப்ப மட்டும் என்னையப் பாக்காத மாதிரி போயிரும். எனக்குத் தெரியுமுங்க.